குடிநோயாளர் குழுவும் திருச்சபையும்: அரியாங்குப்பத்திலிருந்து ஒரு மதிப்பீடு

1939-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் அமெரிக்காவில் வெளியான 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' என்னும் நூலை இறையியல் நூல்களின் வரிசையில் வைத்து எண்ணுவோர் அரியர். அதனை எழுதியோர் இறையியலர் அல்லர். குடியினால் தொழிலையும் மதிப்பையும் இழந்து, பின்னர்க் குடியை விட்டவர்கள். பெரும்பகுதியை எழுதிய வில்லியம் வில்சன் நியூயார்க் பங்குச் சந்தையில் பிழைத்தவர். ஆயினும் மனிதனின் இயலாமை, அறிக்கையிடுதல், ஒப்புரவு, புதுவாழ்வு ஆகிய பொருள்கள் பற்றி இருபதாம் நூற்றாண்டில் பொதுமக்களிடையே மிகுதியாகப் பரவிய நூல்களுள் அதுவும் ஒன்று என்பதை மறுத்தற்கில்லை. அந்நூலின் பெயரையே தன் பெயராகக் கொண்ட இயக்கம் (சுருக்கமாக ஏ.ஏ.) 1957-இல் இந்தியாவுக்கு வந்தது. இந்நூல் கூறும் கடவுள் திருமறை கூறும் கடவுள்தானா என்று கேட்டு, அல்ல என்று விடைகண்டு, நூலை மூடிவைத்துவிடுவது இறையியல் மாணவர்க்கு எளிது. நாம் ஈண்டு எழுப்ப விரும்பும் வினா வேறு. அரியாங்குப்பத்தில் வாழும் குடிநோயாளர் ஒருவர், இனித் தம்மால் இயலாது என்று இன்று மாலை உணர்வாராயின், இந்நூல் கூறும் கூட்டத்தை எவ்வழியிற் கண்டடைவார்? நூலின் நிறைகுறைகளை இவ்வினாவின் முன் நிறுத்திப் பார்ப்பது பயனுடையது எனக் கருதுகிறோம்.

அரியாங்குப்பத்தை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. புதுவை நகருக்குத் தெற்கே, ஆற்றைக் கடந்து, கடலூர்ச் சாலையில் அமைந்த ஊர் அது. அதன் ஆற்றங்கரையில்தான் அரிக்கமேடு உள்ளது. 1945-இல் மார்ட்டிமர் வீலர் அங்கு அகழ்ந்தபோது, மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து திராட்சமது ஏற்றிவந்த சாடிகளின் உடைந்த ஓடுகள் வெளிப்பட்டன. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அயல்நாட்டு மது வந்திறங்கிய துறை! பிற்கால வரலாறும் அதற்கு ஏற்றதாகவே அமைந்தது. சென்னை மாகாணம் முழுவதிலும் 1948 அக்டோபர் 2 அன்று மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தபோது புதுவை பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. 1954 நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறிய பின்னரும் மதுவிலக்கு அங்கு வரவில்லை. தமிழ்நாடு 1971-இல் மதுவிலக்கைத் தளர்த்தியது, 1974-இல் மீண்டும் கொணர்ந்தது, 1981-இல் மறுபடியும் தளர்த்தியது. புதுவைக்கு இத்தகைய ஊசலாட்டம் இல்லை. கடை திறந்தபடியே இருந்தது. தமிழ்நாட்டில் சட்டம் இடந்தராத சாராயமும் கள்ளும் புதுவையில் இன்றும் உரிமம் பெற்ற கடைகளில் விற்கப்படுகின்றன. எல்லைக்கு அப்பாலுள்ளோர் குடிப்பதற்கென்றே வந்துபோகும் நிலப்பகுதி என்னும் பெயர் புதுவைக்கு நெடுநாளாகவே உண்டு. வீராம்பட்டினத்து மீனவர், ஆலைத் தொழிலாளர், அரசு அலுவலர், வயற்கூலிகள் எனப் பலவகையினரும் கலந்து வாழும் அரியாங்குப்பம் கொம்யூனில் மதுக்கடையைக் கண்டுபிடிக்க எவருக்கும் வழிகாட்டி தேவையில்லை. பெயர்ப்பலகை உண்டு, விளக்கு உண்டு, நேரம் யாவர்க்கும் தெரியும். குடியை விட விரும்புவோர் கூடும் அறைக்கோ பலகை இல்லை, விளக்கு இல்லை. அதன் நேரத்தை அறிந்தவர் அதற்குள் முன்னரே சென்றவர் மட்டுமே.

இந்த ஏற்றத்தாழ்வு புதுவைக்கு மட்டும் உரியதன்று. நடுவணரசின் பொருட்டு அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகம் நடத்தி 2019-இல் வெளியிட்ட ஆய்வு, நாட்டில் குடிக்கு அடிமையானோருள் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் ஒரு சிகிச்சை பெற்றதாகக் கூறினர் என்கிறது. மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர் 180 பேருக்கு ஒருவர். எஞ்சிய 37 பேரும் மனம் இல்லாதவர்கள் என்று கூறுவது எளிது. அவர்களுள் எத்தனை பேர் கதவைத் தேடிக் காணாமல் திரும்பினர் என்பதைக் கேட்பவர் இல்லை.

ஏ.ஏ. இயக்கம் பிறந்த கதையே இத்தகைய தேடலின் கதைதான். அதனை நம் ஆயர்கள் அறிந்திருப்பது நல்லது. ஏனெனில் அதில் ஓர் ஆயருக்கும் பங்குண்டு. 1935 மே திங்களில் வில்சன் தொழில் நிமித்தம் ஓஹையோ மாநிலத்து ஏக்ரன் நகருக்குச் சென்றார். சென்ற காரியம் தோற்றது. குடியை விட்டு ஆறு திங்களுக்கு மேல் ஆகவில்லை. மேஃபிளவர் விடுதியின் முன்கூடத்தில் ஒருபுறம் மதுக்கூடத்தின் கலகலப்பு. மறுபுறம் தொலைபேசியும், அந்நகரத் திருச்சபைகளின் பெயர்ப்பட்டியலும். அவர் பட்டியலை நோக்கித் திரும்பினார். வால்ட்டர் டங்ஸ் என்னும் எப்பிஸ்கோப்பல் திருச்சபைக் குருவை அழைத்து, தாம் ஒரு குடிநோயாளர் என்றும், பேசுவதற்கு இன்னொரு குடிநோயாளர் வேண்டும் என்றும் கூறினார். டங்ஸ் அவருக்குப் பிரசங்கம் செய்யவில்லை. முன்பின் அறியாத குரலாயிற்றே என்று தட்டிக்கழிக்கவும் இல்லை. சில பெயர்களைத் தந்தார். அப்பெயர்களின் வழியே என்ரியட்டா சைபர்லிங் என்னும் அம்மையாரையும், அவர் வழியே இராபர்ட் ஸ்மித் என்னும் அறுவை மருத்துவரையும் வில்சன் கண்டார். கால்மணி நேரம் மட்டுமே இருப்பதாகச் சொல்லி வந்த மருத்துவர் ஆறு மணி நேரத்துக்கும் மேல் அமர்ந்து பேசினார். ஸ்மித் கடைசியாகக் குடித்த நாளாகிய 1935 ஜூன் 10 இயக்கத்தின் பிறந்தநாளாகக் கொள்ளப்படுகிறது.

இந்நிகழ்ச்சியில் குருவானவர் செய்தது மிகச் சிறியது. ஆனால் அவர் அறிந்திருந்தது சிறிதன்று. தம் நகரில் யாரிடம் யாரை அனுப்பலாம் என்பதை அவர் அறிந்திருந்தார். அரியாங்குப்பத்திலோ வில்லியனூரிலோ பாகூரிலோ பணியாற்றும் போதகர் ஒருவரின் வாசலில் இன்று ஒருவர் வந்து நின்றால், அவர் தரத்தக்க பெயர்கள் எத்தனை? நம் இறையியற் கல்லூரிகளின் அருட்பணிப் பயிற்சியில் குடி பற்றிய பாடம் இடம்பெறும்போதுங்கூட, பக்கத்து ஊரில் எந்தக் கிழமை எங்கே கூட்டம் என்று விசாரித்து வருமாறு மாணவரை அனுப்புவதைப் பாடத்தின் பகுதியாகக் கருதுவோர் சிலரே.

இனி நூலுக்கு வருவோம். பன்னிரண்டு படிகளுள் மது என்னும் சொல் முதற்படியில் மட்டுமே வருகிறது. ஆறு படிகள் கடவுளை நேராகவோ, பதிற்சொல்லாலோ, மனிதனிலும் பெரிய ஆற்றல் என்றோ குறிக்கின்றன. எஞ்சியவை தன்னாய்வு, பிறர்க்கு இழைத்த தீங்கைச் சரிசெய்தல், பிறர்க்கு உதவுதல் பற்றியவை. இதன் வேர் எங்குள்ளது என்பது மறைபொருள் அன்று. லூத்தரன் போதகராகிய பிராங்க் புக்மன் தொடங்கிய ஆக்ஸ்ஃபோர்டு குழுவின் தன்னாய்வு, அறிக்கை, ஈடுசெய்தல் ஆகிய பழக்கங்களே படிகளாயின. (அதே புக்மன் 1915-இல், தமிழ் கற்று நம்மிடையே பணியாற்றிய ஷெர்வுட் எடியோடு இந்தியாவில் ஊழியப் பயணம் செய்தவர் என்பதை மிஷன் வரலாறு படிப்போர் நினைவிற் கொள்ளலாம்.) ஏக்ரனில் கூடிய முதற் குழுவினர் மிகுதியாகப் படித்தவை மலைப்பொழிவு, 1 கொரிந்தியர் 13, யாக்கோபின் நிருபம் ஆகியன. ஒருவருக்கொருவர் அறிக்கையிடுமாறு யாக்கோபு 5:16 கூறுவதை, நம் சீர்திருத்தச் சபைகள் குருவிடம் அறிக்கையிடும் முறையை மறுப்பதற்குச் சான்றாகக் காட்டினவே ஒழியத் தாம் நடைமுறைப்படுத்தியது குறைவு. அதனைச் செய்துகாட்டியவர்கள் குடிகாரர்கள்.

நம் இறையியலர் எழுப்பும் தடை, ஒவ்வொருவரும் தாம் அறிந்தவாறே கடவுளைக் கொள்ளலாம் என்று மூன்றாம் படி இடந்தருவதைப் பற்றியது. கடவுள் நம்பிக்கை இல்லாத உறுப்பினர் சிலர் வற்புறுத்தியதால் நுழைந்த சமரசம் அது. கிறிஸ்துவை மையமாகக் கொண்ட மீட்பியலுக்கு இது போதாது என்பதில் நமக்கும் ஐயமில்லை. போதும் என்று நூலும் உரிமை கொண்டாடவில்லை. அது கேட்பது மிகக் குறைவானது: நீ கடவுள் அல்லை என்பதையேனும் ஒப்புக்கொள். ரோமர் 7-ஆம் அதிகாரத்தைப் பலமுறை விளக்கியுரைத்த நாம், விரும்புவதைச் செய்ய இயலாத மனிதனின் நிலையைக் கோட்பாடாக அறிவோம். நூலின் முதற்படியை எடுத்துவைக்கும் மீனவர் அதனைக் கைந்நடுக்கமாக அறிவார். மேலும் அரியாங்குப்பத்தில் அம்மன் கோயிலுக்கும் ஆரோக்கியமாதா கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் செல்வோர் ஒரே அறையில் அமரவேண்டுமாயின், மூன்றாம் படியின் அந்தச் சிறு இடைவெளி இன்றி அவ்வறையே இராது. கோட்பாட்டுத் தூய்மையின் பொருட்டு அதனை மூடுவோர் அதற்கு ஈடாக எதனைத் திறக்கிறார்கள் என்பதையும் கூறவேண்டும்.

நாம் குறைகாண்பது வேறோரிடத்தில். தமிழில் இப்படிகளைச் சொல்லத் தொடங்கியவுடன் சொற்கள் தம் பழைய உறவினரை அழைத்து வந்துவிடுகின்றன. கடவுளிடம் தன்னை ஒப்புவித்தல் என்றதும் சரணாகதி என்கிறோம். சரணாகதி என்றதும் நேர்த்திக்கடன் நினைவுக்கு வருகிறது. குடிப்பவர் கோயிலில் கயிறு கட்டிக்கொள்வதும், சபரிமலைக்கு மாலையணிந்து ஒரு மண்டலம் தொடாதிருப்பதும், கிறிஸ்தவராயின் தபசு நாட்களில் நாற்பது நாள் விட்டிருப்பதும் நம் ஊர்களில் எங்கும் காணத்தக்கவை. இவற்றை இகழ்வது நம் நோக்கமன்று. பல குடும்பங்களுக்கு ஆண்டில் அந்த நாட்களே சோறுள்ள நாட்கள். ஆனால் அவை முடியும் தேதியை முன்னரே உடையவை. மாலையைக் கழற்றும் நாளும் உயிர்ப்புப் பெருநாளும் கடையில் கூட்டம் மிகும் நாட்களாவதற்கு இதுவே காரணம். ஏ.ஏ. பழக்கமோ இதற்கு நேர்மாறானது: நாற்பது நாளும் வேண்டா, வாழ்நாளும் வேண்டா, இன்று ஒருநாள் மட்டும். இதற்கு முடியும் தேதி இல்லை. ஏனெனில் நாளையும் அது 'இன்று' ஆகிவிடும். நம் விரத மரபு பெரிய வாக்கை ஒருமுறை பெறுகிறது. இவர்கள் சிறிய வாக்கை நாள்தோறும் பெறுகிறார்கள். அதற்காகவே கூட்டம் அடுத்த வாரமும் தேவைப்படுகிறது; கூட்டம் அருகில் இருக்கவும் வேண்டியிருக்கிறது. ஒருமுறை சென்று பொருத்தனை முடித்துத் திரும்பும் இடமாயின் எத்தனை கல் தொலைவிலும் இருக்கலாம். வாரந்தோறும் செல்லவேண்டிய இடம் கடைசிப் பேருந்துக்குள் வீடு திரும்பத்தக்க தொலைவில் இருந்தாக வேண்டும்.

நூலின் பிற்பகுதி முழுவதும் வாழ்க்கை வரலாறுகள். நம் சபைகளில் 'சாட்சி' என்று வழங்குவதோடு இவற்றை ஒப்பிட்டுப் பார்த்தால் நூலின் இலக்கியத் திறமும் நம் குறையும் ஒருங்கே புலப்படும். நம் சாட்சி பெரும்பாலும் வெற்றிக் கதை. முன்பு இப்படி இருந்தேன், ஒருநாள் கர்த்தர் தொட்டார், அன்றோடு விட்டேன் என்பதே அதன் வாய்பாடு. ஒலிபெருக்கியில், பெயர் சொல்லி, குடும்பத்தாரை மேடையேற்றி அது கூறப்படுகிறது. கூறியவர் மூன்று திங்களில் மீண்டும் குடித்துவிட்டால் என் செய்வார்? அவர் இழிந்தது தம் நிலையிலிருந்து மட்டுமன்று, மேடையிலிருந்தும்; அவருடைய வீழ்ச்சி கர்த்தரின் பெயருக்கே இழுக்கு என்று சபை கருதுகிறது. ஆகவே அவர் ஆலயத்துக்கு வருவதை நிறுத்துகிறார். சிலர் ஊரையே விட்டுப் போகிறார்கள். நூலின் கதைகளோ முடிந்த கதைகள் அல்ல. சொல்பவர் பல்லாண்டு குடியாதிருந்தும், தாம் குடிநோயாளராக இருந்ததாகச் சொல்வதில்லை, இருப்பதாகவே சொல்கிறார். வினை நிகழ்காலத்தில் நிற்கிறது. தமிழ் இலக்கணம் கற்றோர் இவ்வேறுபாட்டின் ஆற்றலை உணர்வர். மீண்டும் குடித்தவர் மறுவாரம் வந்து அதே நாற்காலியில் அமர்ந்து முதல் நாளிலிருந்து எண்ணத் தொடங்கலாம், எவரும் வியப்பதில்லை. லூக்கா 18-இல் வரும் ஆயக்காரன் மறுவாரமும் அதே தூரத்தில் நின்று மன்றாடியிருந்தால் நம் சபை மூப்பர்கள் அவனைப் பற்றி என்ன கூறியிருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கலாம்.

இத்தகைய நூல் மனைவியரைப் பற்றிப் பேசுமிடத்தில் சறுக்குகிறது. மனைவியருக்கென்று ஓர் இயல் உண்டு, மனைவியரே பேசுவதுபோல் அது அமைந்திருக்கிறது, எழுதியவர் வில்சன். அவருடைய மனைவி லோயிஸ் அதனைத் தாமே எழுத விரும்பியும் வாய்ப்பளிக்கப்படவில்லை. பொறுமையும் இன்முகமும் அவ்வியலின் பொதுவான அறிவுரை. குடித்த கணவனிடம் அடிபட்டு, விடியுமுன் கூடையைச் சுமந்து மீன் வாங்கச் செல்லும் பெண்ணிடம் இதனைப் படித்துக்காட்ட நமக்குத் துணிவில்லை. லோயிஸ் 1951-இல் வேறொரு பெண்மணியோடு சேர்ந்து குடும்பத்தாருக்கென அல்-அனான் என்னும் தனி இயக்கத்தை அமைத்தது இவ்வியலுக்கு எழுதப்பட்ட தக்க மறுப்புரை எனலாம். நம் ஊர்களில் போதகர் வீட்டுத் திண்ணைக்கு முதலில் வருபவர் குடிப்பவர் அல்லர். மனைவி, அல்லது தாய். கூட்டத்தைத் தேடுவோரும் அவர்களே. கணவர் வர மறுத்தாலும் தமக்கென ஒரு கூட்டம் உண்டு, தாம் செல்லலாம் என்னும் செய்தியை அவர்களுக்கு யாரேனும் கூறவேண்டும். அடியும் உதையும் உள்ள வீடாயின் கூட்டத்துக்கு முன்னர்ப் பாதுகாப்பு.

மற்றொரு மௌனமும் உண்டு. மதுவை விற்பவரைப் பற்றி நூல் பேசுவதில்லை. பேசலாகாது என்பது இயக்கத்தின் கொள்கை. 1950-இல் கிளீவ்லாந்து மாநாட்டில் ஏற்கப்பட்ட பன்னிரண்டு மரபுகளுள் ஒன்று, புறப் பொருள்கள் எதன்மீதும் இயக்கம் கருத்துரைக்காது என்கிறது. இதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1840-இல் பால்ட்டிமோரில் குடிகாரர்களே தொடங்கிய வாஷிங்டோனியர் சங்கம் விரைந்து வளர்ந்து, மதுவிலக்கு அரசியல் போன்றவற்றில் சிக்கிச் சில ஆண்டுகளில் சிதறிப்போயிற்று. அப்பாடத்தைக் கற்றவர்கள் வாய்மூடியிருப்பதை நாம் குறைகூற மாட்டோம். ஆனால் அரசின் வருவாய்க் கணக்கில் மது பெரும் பங்கு கொண்ட ஒரு நிலப்பகுதியில், நோயாளரிடம் மட்டும் தன்னாய்வு கேட்டு, விற்பவரிடம் ஒன்றும் கேளாதிருப்பது அறமாகுமா? இக்கேள்வியைக் கேட்கும் பொறுப்பு ஏ.ஏ. குழுவினுடையதன்று, திருச்சபையினுடையது. நெல்லூர் மாவட்டத்துத் தூபகுண்டா கிராமப் பெண்கள் தொடங்கிய எழுச்சியே 1993-இல் ஆந்திரத்தில் சாராயத்தடைக்கு வழிவகுத்தது. அப்பெண்கள் கூட்டத்தைத் தேடவில்லை, கடையைத் தேடிச் சென்றார்கள். நம் சபைகளோ பெரும்பாலும் இரண்டையும் செய்யாமல், மதுவிலக்கு ஞாயிறு ஆசரித்துத் திருக்குறளில் கள்ளுண்ணாமை அதிகாரத்தையும் நீதிமொழிகளையும் மேற்கோள் காட்டி அமைந்துவிடுகின்றன. குழு பேச முடியாததைச் சபை பேசட்டும்; சபை செய்ய முடியாததைக் குழு செய்யட்டும். இவ்விரண்டையும் ஒன்றாக்க முனைவோர் இரண்டையும் கெடுப்பர்.

மருத்துவத்தைப் பற்றி ஒரு சொல். இது நம் ஊழியர் பலரும் தவறாகப் புரிந்துகொண்ட பொருளாதலின் சற்று விரித்துக் கூறுகிறோம். நாள்தோறும் மிகுதியாகக் குடித்துவந்தவர் திடீரென நிறுத்தினால் உடல் அதனைத் தாங்குவதில்லை. முதல் ஓரிரு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாட்களில் மனக்குழப்பமும், இல்லாதவற்றைக் காண்பதும், கடும் நடுக்கமும் தோன்றலாம். சிகிச்சையின்றேல் சாவும் நேரலாம். இந்நிலையில் உள்ளவரைப் பிசாசு பிடித்தவர் என்று எண்ணி அறையில் அடைத்து உபவாச ஜெபம் நடத்துவது பெருங்கேடு. குடியால் முன்னரே உயிர்ச்சத்து இழந்த உடலைப் பட்டினி மேலும் வருத்தும். தயமின் என்னும் உயிர்ச்சத்துக் குறையுமானால் மூளைக்கே நிலையான சேதம் விளையும். அரியாங்குப்பத்திலிருந்து கோரிமேட்டு ஜிப்மர் மருத்துவமனை அப்படியொன்றும் தொலைவில் இல்லை. நகரிலேயே அரசு பொது மருத்துவமனையும் உண்டு. முதலில் மருத்துவர், பின்னர்க் கூட்டம்; ஜெபம் இரண்டின்போதும் நடக்கலாம். நூலும் இதற்கு மாறாகக் கூறவில்லை. அதன் முன்பகுதியிலேயே சில்க்வொர்த் என்னும் மருத்துவரின் கருத்துரைக்கு இடமளித்திருக்கிறது.

இம்முறை மெய்யாகவே பயன் தருகிறதா என்று ஐயுறுவோர்க்கு: 2006-இல் காக்ரன் அமைப்பின் திறனாய்வு போதிய சான்றில்லை என்றே கூறியது. 2020-இல் அதே அமைப்பு 27 ஆய்வுகளையும் பதினாயிரத்துக்கு மேற்பட்டோரையும் கணக்கிற்கொண்டு மீண்டும் ஆய்ந்தபோது, தொடர்ந்து குடியாதிருப்பதைப் பொறுத்தவரை ஏ.ஏ. கூட்டங்களோடு இணைக்கும் முறையான சிகிச்சை பிற உளவியற் சிகிச்சைகளைவிட மேம்பட்டது என்று கண்டது. இவ்வாய்வுகள் மேலைநாட்டவை, அரியாங்குப்பத்துக்கு அப்படியே பொருந்தும் என்று நாம் கூறவில்லை. ஆயினும் தமிழ் மண்ணிலும் வழி காணப்பட்டிருக்கிறது. கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் அம்மையார் 1980-இல் சென்னையில் நிறுவிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு நிறுவனம் மருத்துவத்தோடு இப்படிகளையும் இணைத்துக்கொண்டது. பின்னர் மஞ்சக்குடி போன்ற சிற்றூர்களுக்கே சென்று முகாம் நடத்தியது. நோயாளர் கதவைத் தேடி அலைவதற்கு மாறாக, கதவே ஊருக்குள் வந்தது.

எஞ்சியிருப்பது பெயரின் சிக்கல். 'அநாமதேயம்' என்னும் சொல்லுக்கு நம் வழக்கில் நல்ல பெயர் இல்லை. மொட்டைக் கடிதமே நினைவுக்கு வரும். திருமுழுக்கில் பெயர் சொல்லி அழைக்கும் சபைக்குப் பெயரை மறைக்கும் கூட்டம் அயலாகவே தோன்றும். ஆயினும் பெயரோடு ஊரும் தெருவும் சாதியும் ஒட்டிவரும் நாட்டில், பெயரைப் பாதியில் நிறுத்துவதற்கு அமெரிக்கர் எண்ணிப் பார்த்திராத பொருளும் உண்டு. வட்டமாக இட்ட நாற்காலிகளில் ஊராரும் காலனியாரும் அடுத்தடுத்து அமர்ந்து, முன்னவர் சொல்வதைப் பின்னவர் குறுக்கிடாமல் கேட்கும் அறை நம் ஆலயங்களிலேயே எத்தனை? ஆனால் சிற்றூரில் பெயரை மறைத்தாலும் ஆளை மறைக்க முடியாது. வெளியே நிறுத்திய மிதிவண்டியே உள்ளே இருப்பவர் யார் என்று சொல்லிவிடும். எனவே அரியாங்குப்பத்தார் ஒருவர்க்கு அரியாங்குப்பத்துக் கூட்டம் ஏற்றதாக இராமற்போகலாம்; புதுவை நகரத்துக்கோ கடலூருக்கோ பேருந்தேறுவதே அவருக்கு எளிதாகலாம். சிலருக்கு நேர்மாறு: பேருந்துக் காசும் இல்லை, மறைக்க மதிப்பும் எஞ்சவில்லை, அண்டையில் இருந்தாலன்றி வரமாட்டார். ஆகவே போதகர் அறிந்து வைத்திருக்க வேண்டியது ஒரு முகவரி அன்று. அருகில் ஒன்று, தொலைவில் ஒன்று, பெண்களுக்கு ஒன்று. ஏ.ஏ.யின் இந்தியத் தலைமையகம் மும்பையில் உண்டு. அதன்வழி வட்டாரக் குழுக்களைக் கேட்டறியலாம். நடுவணரசின் 14446 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணும் உண்டு. ஆனால் எண்ணைச் சீட்டில் எழுதிக் கொடுத்தனுப்புவது போதாது. எதிர்முனையில் பேசுபவர் யார், கூட்டம் இன்னும் நடைபெறுகிறதா, இடம் மாறிவிட்டதா என்பவற்றை ஆயரே முன்னதாக விசாரித்திருக்க வேண்டும். நடுங்கும் கையோடு வந்து, பூட்டிய கதவைக் கண்டு திரும்புபவர் மறுமுறை வருவது ஐயம்.

அருகில் கூட்டமே இல்லையெனில்? இரண்டு அல்லது மூன்று குடிநோயாளர் தெளிவு வேண்டிக் கூடினால் அதுவே குழு என்பது இயக்கத்தின் மரபு. கட்டணம் இல்லை, பதிவு இல்லை. குடியை விடும் விருப்பம் ஒன்றே தகுதி. தேவைப்படுவது வாரம் ஒருநாள் ஒன்றரை மணி நேரத்துக்கு ஓர் அறை. நம் சபைகளிடம் அறைகளுக்குக் குறைவில்லை. ஞாயிறு பள்ளிக் கட்டடம் வாரத்தில் ஆறு நாள் பூட்டியே கிடக்கிறது. ஆனால் கொடுக்கும் முறையில் நாம் தவறுகிறோம். இடம் கொடுத்த சபை முதற் கூட்டத்தில் போதகரைத் தலைமை தாங்கச் செய்கிறது, இரண்டாவதில் ஆரம்ப ஜெபமும் கீர்த்தனையும் சேர்க்கிறது, மூன்றாவதில் ஞாயிறு ஆராதனைக்கு வந்தவர் யார் என்று கணக்கெடுக்கிறது. நான்காவது கூட்டத்துக்கு எவரும் வருவதில்லை. வில்சனின் நியூயார்க் குழு 1937-இலும், ஸ்மித்தின் ஏக்ரன் குழு 1939 இறுதியிலும் தம்மைப் பெற்ற ஆக்ஸ்ஃபோர்டு குழுவை விட்டுப் பிரிந்ததற்கு இத்தகைய நெருக்கடியும் ஒரு காரணம். ஏக்ரன் குழு 1940 ஜனவரியில் ஒரு பள்ளிக்கூடத்துக்குக் குடிபெயர்ந்தது.

குழு கேட்டால் அறைக்கு ஒரு சிறு வாடகை பெற்றுக்கொள்வதே முறை. புறத்தாரிடம் நன்கொடை பெறாமல் தம் செலவைத் தாமே பார்த்துக்கொள்வது அவர்கள் மரபு. அதனைத் தள்ளுபடி செய்து புண்ணியம் தேடிக்கொள்ள வேண்டா. திருவிருந்தில் புளித்த திராட்சரசம் வழங்கும் சபையாயின், அவர்களுள் எவரேனும் பந்திக்கு வரும் நாளுக்கு முன்னரே புளியாத ரசத்துக்கு ஏற்பாடு செய்துவைக்கலாம். அவர் கேட்கும்வரை காத்திருப்பது அவர் பெயரைச் சபையார் முன் சொல்வதற்கு ஒப்பாகும். கூட்டத்துக்கு நாள் குறிக்கும்போது கூலி பட்டுவாடா ஆகும் மாலையையும், கடலுக்குச் செல்லாத நாளையும் கேட்டறிந்து குறிப்பது நன்று. அவ்வேளையில்தான் எதிர்ப்புறத்துக் கடையில் கூட்டம் மிகுதி. சாவியைக் கோயில்பிள்ளையிடம் விடாமல் குழுவினரிடமே ஒப்படைத்துவிடலாம். அடுத்த வாரம் அறையைத் திறப்பது யார், நாற்காலி எடுத்துப்போடுவது யார், தேநீர் வைப்பது யார் என்பதை அவர்கள் தங்களுக்குள் பேசி முடிவு செய்துகொள்வார்கள்.